பாட்டோடு சேர்ந்து பாடும் இன்ஜின்

பகாவ் வட்டாரத்தில் காடி இல்லாமல் காரியம் நடப்பதில்லை. ஜெராம் பாடாங், கெடிஸ் போன்ற தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வருவதற்கும், பட்டணத்தில் வீடு வாங்கிவிட்டவர்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் திரும்பிப் போவதற்கும், குவாலா பிலாவுக்கும் சிரம்பானுக்கும் வேலைக்கு ஓடுவதற்கும் அது வேண்டும். ஓட்டும் நேரத்தில் பேச்சுத்துணைக்கு மின்னல் எஃப்எம், இல்லையென்றால் ராகா; இளையவர்களுக்குக் கைப்பேசியிலிருந்து ப்ளூடூத் வழியாக வரும் பாட்டு. அந்தப் பாட்டுக்கு நடுவே ‘ங்ஙீ...’ என்று ஓர் ஊளை கிளம்பி, எண்ணெய் மிதிக்க மிதிக்க ஏறிக்கொண்டே போனால் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ரேடியோவையே அடைத்துவிடத் தோன்றும்.

இங்கே கைமாறி வந்த காடிகள் நிறைய ஓடுகின்றன. 1985இல் வந்த முதல் தலைமுறை சாகா இப்போது அரிதாகிவிட்டது. வீராவும், 1994இல் அறிமுகமான கஞ்சிலும், 2005இல் தொடங்கிய மைவியும் இன்னும் சாலையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். முதல் சொந்தக்காரர் பிளேயரை மாற்றியிருப்பார். அடுத்தவர் பூட்டில் ஒரு வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் வைத்திருப்பார். மூன்றாமவர் வூஃபரைக் கழற்றி விற்றுவிட்டு வயரை மட்டும் உள்ளேயே விட்டிருப்பார். டேஷ்போர்டைத் திறந்தால் கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள்தான் தெரியும். வேண்டாத ஓசைகளில் பெரும்பகுதி அந்த முடிச்சுகளிலிருந்தே பிறக்கிறது. பிளேயர் கெட்டுவிட்டது என்று புதியது வாங்கி மாட்டிய பிறகும் அதே ஊளை கேட்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் ஓசையைக் கேளுங்கள். அது எப்போது வருகிறது, எதோடு சேர்ந்து மாறுகிறது, எதைப் பிடுங்கினால் நிற்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் பழுது எந்த இடத்தில் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

முதலில் காது

காடியை அமைதியான இடத்தில் நிறுத்துங்கள். இன்ஜினைக் கிளப்ப வேண்டாம். சாவியை ரேடியோ மட்டும் வேலை செய்யும் நிலையில் வையுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். இந்த நிலையிலேயே ‘ஸ்ஸ்’ என்ற சீறல் கேட்டால் அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து, சாவியை இன்னொரு படி திருப்புங்கள். பெட்ரோலை ஊசி வழியாகச் செலுத்தும் இன்ஜின் உள்ள காடிகளில், கிளப்புவதற்கு முன்பே தொட்டிக்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி நிற்கும். அதே இரண்டு மூன்று வினாடி ஸ்பீக்கரிலும் ஓர் உறுமல் கேட்டால், பம்புக்குப் போகும் வயரிலிருந்து ஓசை தாவுகிறது என்று பொருள்.

இப்போது இன்ஜினைக் கிளப்புங்கள். ஓசை வந்தால், மெதுவாக மிதித்து அது ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு ஏர்கான் காற்றாடியை ஒன்றிலிருந்து நான்குவரை மாற்றுங்கள். வைப்பரைப் போடுங்கள். சிக்னல் விளக்கைப் போடுங்கள். எந்தச் சுவிட்சைத் தொடும்போது ஓசை மாறுகிறதோ அந்தக் கருவியின் மீதுதான் முதல் சந்தேகம். சிக்னல் விளக்கின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஸ்பீக்கரில் ஒரு ‘டொக்’ கேட்டால், பிளேயருக்கு மின்சாரம் வரும் வயரோ அதன் எர்த்தோ சரியில்லை.

கடைசியாக, பாட்டு வரும் வழியை மாற்றுங்கள். ரேடியோ, ப்ளூடூத், பென்டிரைவ், ஆக்ஸ் வயர் என்று ஒவ்வொன்றாக. எல்லாவற்றிலும் ஓசை வந்தால் பழுது பிளேயருக்குப் பின்னால், அதாவது மின்சார வயரிலோ எர்த்திலோ ஆம்ப்ளிஃபயரிலோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தால் அந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். ஒலியளவைப் பூஜ்யத்துக்கு இறக்கியும் ஓசை அப்படியே இருந்தால், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் இடத்தைத் தாண்டித்தான் அது நுழைகிறது. ஆன்டெனாவையும் கைப்பேசியையும் விட்டுவிடலாம். இவ்வளவுக்கும் ஒரு காசு செலவில்லை.

இன்ஜினோடு ஏறி இறங்கும் ஊளை

மிக அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். இதன் மூலம் ஆல்டர்னேட்டர். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் அந்தச் சாதனம் உள்ளே உற்பத்தி செய்வது மாறுமின்சாரம்; ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றி அனுப்புகின்றன. ஆனால் வெளியே வருவது முழுக்கச் சமதளமாக இருப்பதில்லை. மேலே சின்னச் சின்ன அலைகள் எஞ்சியிருக்கும். சாதாரண ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலைகளைத் தருகிறது. பெல்ட் வழியாக அது இன்ஜினைவிடச் சுமார் இரண்டரை மடங்கு வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், இன்ஜின் 800 சுற்றில் சும்மா நிற்கும்போது வினாடிக்கு 1,200 அலைகள். 3,000 சுற்றில் 4,500. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000க்கும் 5,000க்கும் இடைப்பட்ட அதிர்வெண்களைத்தான். புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போகும்போது ஊளை உயிரை வாங்குவதற்கு இதுதான் காரணம்.

எல்லாக் காடியிலும் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. எல்லாக் காடியிலும் ஊளை இல்லை. அலை பாட்டுக்குள் நுழைய ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் திறந்துவிடுவது பெரும்பாலும் எர்த்.

காடியில் பேட்டரியின் நெகட்டிவ் முனை உடல்தகட்டோடு இணைந்திருக்கிறது. பிளேயர், விளக்கு, பம்ப் எல்லாம் பாஸிட்டிவ் வயரிலிருந்து மின்சாரத்தை வாங்கி, தகடு வழியாகத் திருப்பி அனுப்புகின்றன. தோட்டத்து வாய்க்காலில் ஓரிடத்தில் சருகு அடைத்தால் அதற்கு மேற்பக்கம் தண்ணீர் மட்டம் உயர்ந்துவிடுமல்லவா, அப்படியே துருப்பிடித்த எர்த் போல்ட்டில் மின்சாரம் திரும்பத் தடை இருந்தால் அந்த இடத்தின் மின்னழுத்தம் உயர்ந்துவிடும். தடை ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வையுங்கள். ஆம்ப்ளிஃபயர் 20 ஆம்பியர் இழுத்தால் அங்கே 0.4 வோல்ட் ஏறி நிற்கும். பாட்டு மெல்லப் போகும் இடங்களில் பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒலிச் சைகை ஒரு வோல்ட்டில் நூறில் சில பங்குதான். அதற்குப் பக்கத்தில் 0.4 என்பது மிகப் பெரிய அளவு.

பிளேயரின் எர்த் டேஷ்போர்டுக்குப் பின்னால். ஆம்ப்ளிஃபயரின் எர்த் பூட்டில். இரண்டு இடத்திலும் மின்னழுத்தம் ஒன்றாக இல்லாவிட்டால், இரண்டையும் இணைக்கும் இன்னொரு வழியில் மின்சாரம் ஓடப் பார்க்கும். அந்த இன்னொரு வழி, சிவப்பு வெள்ளை முனை வைத்த ஆர்சிஏ வயரின் வெளியுறை. பாட்டு போகும் வயரிலேயே ஆல்டர்னேட்டரின் அலையும் ஏறிக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் பிரித்தறியாமல் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

இதைச் சோதிக்க சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டர் போதும். அதை நேர்மின்சார வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொரு முனையை நீளமான வயர் கொண்டு ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகிலும் வையுங்கள். இன்ஜின் ஓட வேண்டும். விளக்கும் ஏர்கானும் பாட்டும் போட்டிருக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.2ஐத் தாண்டினால் எர்த்தைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலை இருக்கிறது. பிளேயரின் எர்த்தையும் இப்படியே பாருங்கள்.

சுத்தம் செய்வதென்றால் மேலோட்டமாகத் துடைப்பது போதாது. போல்ட் உட்காரும் இடத்தில் சாயத்தைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிய வேண்டும். வயரின் நுனியில் வளைய முனையை நன்றாக நசுக்கிப் பொருத்தி, பல் வைத்த வாஷரோடு இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு பிடிக்காது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயர் ஒன்றரை அடிக்கு மேல் நீளக் கூடாது. பாஸிட்டிவ் வயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமன் இருக்க வேண்டும். இருக்கைப் பட்டை மாட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றி அதில் எர்த் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிரைக் காப்பாற்றும் போல்ட். அதைத் தொடவே வேண்டாம்.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காடிகளுக்கு இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். குலுக்கலில் போல்ட் தளர்கிறது. தளர்ந்த இடுக்கில் ஈரமும் புழுதியும் புகுந்து துருவாகிறது. பழைய காடியானால் போனட்டைத் திறந்து, பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து தகட்டுக்கு வரும் வயரையும், இன்ஜினிலிருந்து தகட்டுக்கு வரும் பின்னல் பட்டையையும் முதலில் பாருங்கள். அந்தப் பட்டை நைந்து நான்கு இழையில் தொங்கிக்கொண்டிருந்தால் ரேடியோ மட்டுமா, ஸ்டார்ட்டரே திணறும்.

எர்த் எல்லாம் சரியாக இருந்தும் ஊளை போகவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையே சோதிக்கலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பது வழக்கம். அதன்பின் மீட்டரை மாறுமின்சார வோல்ட்டுக்கு மாற்றி அதே முனைகளில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. அரை வோல்ட் அளவுக்கு ஏறினால் ஆறு டயோடுகளில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். விளக்கு மினுக்குவது, நிறுத்தி வைத்த காடியில் இரவோடு இரவாகப் பேட்டரி இறங்குவது ஆகியவையும் கூட இருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கத்தை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் எழும் மின்னழுத்தம் இன்றைய காடிகளின் கணினிப் பெட்டியை எரித்துவிடக்கூடியது.

வயர் போகும் பாதையும் முக்கியம். பேட்டரியிலிருந்து பூட்டுக்குப் போகும் தடித்த வயர் ஒரு பக்கக் கதவோரமாகப் போனால், ஆர்சிஏ வயர் மறுபக்கமாகப் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே பக்கமாக இழுப்பது வேலையை எளிதாக்கும், ஓசையையும் கூட்டிக்கொண்டு வரும். அந்தத் தடித்த வயருக்குப் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்கிறதா என்று கையோடு பார்த்துவிடுங்கள். பியூஸ் இல்லாத வயர் தகட்டில் உரசினால் தீப்பிடிக்கும். ஓசை பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த வயரைத் தேடிப் பார்க்கும் சந்தர்ப்பம் பலருக்கு வேறு எப்போதும் வருவதில்லை.

டிக் டிக் என்று அடிப்பது

ஊளையாக இல்லாமல் தனித்தனி வெடிப்பாக, மிதிக்க மிதிக்க நெருக்கமாகக் கேட்டால் அது ஸ்பார்க் பிளக்கின் வேலை. மின்பொறி ஒவ்வொன்றும் ஒரு சிறிய வானொலி ஒலிபரப்பு. மார்க்கோனி தொடக்கத்தில் செய்தி அனுப்பியது மின்பொறியைக் கொண்டுதான். நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 சுற்றில் நிற்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 27 பொறிகள் வெடிக்கின்றன. பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்தால் கேட்காமல் என்ன செய்யும்?

காடிக்குள் ரேடியோ வைக்க முயன்றவர்கள் முதலில் முட்டிக்கொண்டதும் இதனோடுதான். அமெரிக்காவில் பால் கால்வின் 1930இல் தம் ஸ்டூடிபேக்கர் காடியில் ரேடியோவைப் பொருத்தி, சிகாகோவிலிருந்து அட்லான்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர் கூட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். மோட்டோரோலா என்ற பெயர் அந்த ரேடியோவோடு பிறந்தது. வில்லியம் லியர், எல்மர் வேவரிங் ஆகியோர் அதற்காக உழைத்தபோது பெரும் தலைவலியாக இருந்தது இன்ஜினின் பொறிச் சத்தம். அதே வேவரிங் பிற்காலத்தில் காடிகளுக்கு ஆல்டர்னேட்டரைக் கொண்டுவருவதிலும் பெரும் பங்கு வகித்தார். பொறிச் சத்தத்தை அடக்கப் பாடுபட்டவரே ஊளைக்கும் வழிவகுத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த வரலாற்றுத் துணுக்கு.

எஃப்எம் ஒலிபரப்புக்கு எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற பிறகு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. எஃப்எம்மில் பாட்டு அலையின் உயரத்தில் இல்லை, அதிர்வெண்ணின் மாற்றத்தில் இருக்கிறது. பொறி கெடுப்பதோ பெரும்பாலும் உயரத்தை. அதனால் இன்று ‘டிக் டிக்’ கேட்டால், பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த சாகாவிலோ ஆரம்பகாலக் கஞ்சிலிலோதான் கேட்கும். பிளக் வயர் வெடித்திருக்கும். அல்லது தடை வைக்காத பிளக் போட்டிருப்பார்கள். ஜப்பானிய பிளக்குகளின் எண்ணில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் உள்ளே தடை இருக்கிறது என்று பொருள். சுமார் 5,000 ஓம். இருட்டிய பிறகு போனட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது எட்ட நின்று பாருங்கள். வெடித்த பிளக் வயரிலிருந்து நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கை வைக்க வேண்டாம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில் வைத்த பிற்காலக் காடிகளில் அந்த நீண்ட வயரே கிடையாது.

ரேடியோவில் மட்டும் என்றால்

ப்ளூடூத்தில் பாட்டு சுத்தமாக வந்து, ரேடியோவில் மட்டும் இரைச்சல் என்றால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. இதில் பாதி பழுதே அல்ல. சிரம்பானுக்கு அருகே 1,190 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும் தெலாப்பா பூருக் மலையில் ஒலிபரப்புக் கோபுரங்கள் இருக்கின்றன. பகாவ் மலைத்தொடருக்குக் கிழக்கே, தாழ்ந்த குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. நேராக வரும் அலையும் குன்றில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எஃப்எம் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர் என்பதால், அழியும் இடங்கள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகக்கூட வரலாம். சிவப்பு விளக்கில் நின்றபோது ரேடியோ சீறி, ஒரு மீட்டர் முன்னால் நகர்த்தியதும் தெளிந்தால் காரணம் இதுதான். பிளேயரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. அதே நிலையத்தின் வேறு அலைவரிசை உங்கள் பகுதியில் எடுக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான் வழி.

ஆனால் ஊருக்குள் எல்லா இடத்திலும் எல்லா நிலையமும் சீறினால் ஆன்டெனாவைப் பார்க்க வேண்டும். கூரையில் குட்டை ஆன்டெனா வைத்த காடிகள் பலவற்றில் அதன் அடியில் ஒரு சிறு பூஸ்டர் இருக்கும். அதற்கு 12 வோல்ட் வேண்டும். பழைய பிளேயரை எடுத்துவிட்டு ஆண்ட்ராய்டு திரை மாட்டும்போது பூஸ்டருக்கான அந்த ஒற்றை வயரை இணைக்க மறந்துவிடுகிறார்கள். இது நீல நிறத்தில் வருவது வழக்கம். அதை இணைத்தவுடன் போன நிலையங்கள் எல்லாம் திரும்பி வரும். புதிய திரைக்குப் பின் ரேடியோ மங்கிவிட்டது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வயரை.

இன்னொரு குற்றவாளி டேஷ்கேம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவு அடாப்டர், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க வினாடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டின் எச்சம் எஃப்எம் அலைவரிசைவரை ஏறி வரும். டேஷ்கேமின் நீண்ட வயர் முன்கண்ணாடியின் ஓரமாக மேலே போய் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் முடிகிறது. ஓசையைக் கொண்டுபோய்ச் சேர்க்க இதைவிட நல்ல பாதை கிடையாது. அடாப்டரைப் பிடுங்குங்கள். ரேடியோ தெளிந்தால் நல்ல அடாப்டர் வாங்குங்கள், வயரை ஆன்டெனாவிலிருந்து தள்ளிப் போடுங்கள். வயரில் கவ்விக்கொள்ளும் ஃபெரைட் வளையம் ஒன்றைப் போட்டால் இன்னும் குறையும். வளையத்துக்குள் வயரை ஒரு முறை நுழைப்பதைவிட மூன்று முறை சுற்றினால் பலன் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. பிற்பாடு மாட்டிய எல்இடி விளக்குகளும் இதே தொல்லையைத் தரும். விளக்கைப் போட்டதும் ரேடியோ சீறினால் வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

கைப்பேசியும் ஆக்ஸ் வயரும்

ஆக்ஸ் வயரில் பாட்டு கேட்கும்போது கைப்பேசியைச் சார்ஜில் போட்டதும் ஊளை வருகிறதா? சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆக்ஸ் வழியாக ஓர் எர்த். இரண்டு எர்த்துக்கும் நடுவே, ஆர்சிஏ வயரில் பார்த்த அதே மின்சார வட்டம். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். ப்ளூடூத்துக்கு மாறினால் பாட்டுக்கு வயரே இல்லாததால் வட்டமும் இல்லை. பழைய பிளேயரில் ப்ளூடூத் இல்லையென்றால், ஆக்ஸ் வயரின் நடுவே செருகும் ஐசொலேட்டர் ஒன்று கிடைக்கும். அதற்குள் இரண்டு குட்டி மின்மாற்றிகள் இருக்கின்றன. பாட்டைக் காந்தப்புலம் வழியாகக் கடத்தி, எர்த்தைத் துண்டித்துவிடுகின்றன. மலிவானவற்றில் அடித்தொனி கொஞ்சம் இளைக்கும்.

இன்ஜின் ஓடாதபோதும் கேட்கும் சீறலுக்குக் காரணம் வேறு. ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகை ஒலியளவுத் திருகு என்று நினைத்து முழுக்கத் திருப்பி வைத்திருப்பார்கள். பிளேயரின் ஒலியளவை முக்கால்வாசிக்கு வைத்து, கெயினைக் கீழிருந்து மெல்லக் கூட்டி, பாட்டு உடையத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். சீறலில் பெரும்பகுதி போய்விடும்.

கதவுக்குள்ளிருந்து

மின்சாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓசைகளும் உண்டு. உருமி அடிக்கும்போது மட்டும் ‘கறகற’ என்றால் கதவுப் பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது நின்றால் கிளிப் தளர்ந்திருக்கிறது. உள்ளிருக்கும் வயரும் பூட்டுக் கம்பியும் தகட்டில் தட்டாமல் ஃபோம் டேப் சுற்றினால் போதும். பூட்டில் வூஃபர் இருந்தால் எண் பலகை அதிரும்; அதற்கும் அதே டேப்தான். கதவுப் பையில் கிடக்கும் சில்லறையைப் பலர் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஸ்பீக்கரே உடைந்திருக்கிறதா என்று பார்க்க, கூம்பின் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். உரசும் சத்தம் வந்தால் உள்ளே காயில் சாய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு இந்த நாட்டு வெயிலுக்கும் ஈரத்துக்கும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு வைத்தது அதைவிட நீடிக்கும். வயரைக் கழற்றிவிட்டு மீட்டரில் ஓம் பாருங்கள்: 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரையை ஒட்டிக் காட்டினால் காயில் அறுந்துபோகவில்லை.

கதவைத் திறந்து மூடும்போது ஒரு பக்கம் வந்து வந்து போனால், கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கும். ஆயிரம் முறை மடங்கி நிமிரும் இடம் அது. அங்கே தோல் உரிந்த ஸ்பீக்கர் வயர் தகட்டில் பட்டால் ‘பட் பட்’ என்று வெடிக்கும். சில பிளேயர்கள் உடனே ஒலியை நிறுத்திக்கொள்ளும். இன்றைய பிளேயர்களில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயர் எர்த் அல்ல. இரண்டு வயரிலும் பேட்டரியின் பாதி அளவு மின்னழுத்தம் இருக்கிறது. மிகப் பழைய காடிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையை நேராகத் தகட்டில் கொடுத்திருப்பார்கள். அந்த வயரிங்கில் புதிய பிளேயரை மாட்டினால் அது எரிந்துவிடும். முப்பது வருடக் காடிக்குப் புதுப் பிளேயர் வாங்கினால் ஸ்பீக்கருக்குப் புது வயரும் இழுக்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது

ஃபோர்மேனிடமோ ரேடியோ கடைத் தவ்கேயிடமோ போவதென்றால், ‘சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்ஜின் ஓடினால்தான் வருகிறது, எண்ணெய் மிதித்தால் ஏறுகிறது, ப்ளூடூத்திலும் இருக்கிறது, ஒலியளவைக் குறைத்தாலும் குறைவதில்லை என்று சொல்லுங்கள். நல்ல கைத்தொழிலாளிக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுத்ததற்குச் சமம். ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு போவதும் நல்லது. கடை வாசலில் நின்றதும் அது வராமல் போவது அடிக்கடி நடக்கிறது.

அங்கே முதலில் காட்டப்படுவது ஃபில்டராக இருக்கலாம். மின்சார வயரின் நடுவே வைக்கும் ஃபில்டர், பம்பிலிருந்தோ ஆல்டர்னேட்டரிலிருந்தோ பாஸிட்டிவ் வயர் வழியாக வரும் அலையைக் குறைக்கும். எர்த் வழியாக வரும் ஊளைக்கு அதனால் பயனில்லை. ஆர்சிஏ வயரின் நடுவே வைக்கும் ஐசொலேட்டர் அந்த ஊளையை நிறுத்தும், ஆனால் துருப்பிடித்த எர்த் உள்ளே அப்படியே இருக்கும்; ஒரு நாள் ஆம்ப்ளிஃபயரே திணறும். ஆகவே எர்த்தைச் சுரண்டி இறுக்கிய பிறகு, வயர் பாதையை மாற்றிய பிறகு, அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் இவற்றை வாங்குங்கள்.

புதுக் காடியில் பிளேயர் மாற்றுவதானால், மூல வயரை வெட்டாமல் அந்த மாடலுக்கென்றே வரும் சாக்கெட் போடச் சொல்லுங்கள். வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வெயிலில் பசை உருகித் தானாக அவிழும். வெட்டிய காடிக்கு உத்தரவாதம் கேட்கும்போதும் சிக்கல் வரலாம்.

வேலை முடிந்ததும் மீட்டரை வைத்து அந்த 0.1 வோல்ட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தோட்டச் சாலையில் ஓடும் காடியானால், ஒரு மாதம் கழித்து எர்த் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து இன்னும் ஒரு தரம் இறுக்கி, மீட்டரையும் மறுபடி வைத்துப் பாருங்கள்.